செம்பும் பழப்புளியும்

நாங்கள் புலம்பெயர்ந்து வந்த குளிர்நாட்டில், ரொக்ஸ்பரோ என்ற ஊரில், ஆற்றைப் பார்த்தபடி நிற்கும் அந்த வீட்டுக் கணப்படுப்பின் மேல் ஒரு பெரிய செப்புத் தகடு கவிந்திருக்கும். கையால் அடித்துச் செய்தது. கிட்டப் போய்ப் பார்த்தால் சுத்தியல் பட்ட இடமெல்லாம் சின்னச் சின்னப் பள்ளங்களாகத் தெரியும். பெரியம்மா அந்த வீட்டை வாங்கியபோது அது அடிப்பிடித்த சட்டிபோலக் கறுத்துக் கிடந்தது. பெரியம்மா என்றதும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்தத் தகடுதான். இதைக் கேட்டால், "ஏன், என்ர முகம் வராதோ?" என்று கோபிப்பார்.

வீட்டைக் கட்டியவர் இந்தப் பக்கத்திலேயே வாழ்ந்து மறைந்த ஒரு கட்டிடக் கலைஞர். 'ஆர்ட்ஸ் அண்ட் க்ராஃப்ட்ஸ்' என்ற பாணிக்காரர். யந்திரம் செய்த எதையும் வாசற்படி தாண்ட விடமாட்டேன் என்று அடம்பிடித்தவர். கதவின் தாழ்ப்பாள், சுவரோடு சேர்ந்த மரவாங்கு, ஜன்னல் கொக்கி எல்லாமே உள்ளூர்க் கொல்லரும் தச்சரும் கைப்படச் செய்தவை. கூரை தாழ்வு, அறைகளுக்குள் வெளிச்சம் குறைவு. அதனால் யாரும் வாங்காமல் கிடந்த வீடு விலை இறங்கிப் பெரியம்மாவின் கைக்கு எட்டியது. பெரியப்பா இருட்டைப் பற்றி நாள்தோறும் முறைப்பட்டார். பெரியம்மாவோ தாழ்ப்பாளைத் தடவித் தடவிப் பார்ப்பார். முதியோர் இல்லத்தில் தாதியாக வேலை செய்துவிட்டுக் களைத்து வந்தாலும், சப்பாத்தைக் கழற்றியதும் அந்த மரவாங்கில்தான் போய் இருப்பார். நான் அப்போது பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டு அவர்களோடு தங்கியிருந்தேன்.

ஒரு ஐப்பசியில், பழைய வீடுகளைப் பேணும் சங்கத்தின் செயலாளர் தொலைபேசியில் அழைத்தார். கலைஞர் கட்டிய வீடுகளை ஞாயிறன்று சங்கத்தார் சுற்றிப் பார்க்க வருகிறார்களாம். கலைஞரின் மகளும் வருவாராம். பெரியம்மாவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. அயலுக்கு வந்த நாள்முதல் அவருக்கு ஒரு பயம் இருந்தது. இந்த வீட்டின் அருமை தெரியாதவர்கள் கையில் இது போய்விட்டது என்று யாரும் நினைத்துவிடக்கூடாது என்பதுதான் அது.

அந்த வருடம் நவராத்திரியும் பிந்தி ஐப்பசியில்தான் வந்தது. குத்துவிளக்கு மினுக்கப் பழப்புளி ஊறிக்கொண்டிருந்தது. சனிக்கிழமை விளக்குகளை மினுக்கி முடித்தவரின் கண் மெல்லத் தகட்டின் பக்கம் போனது.

"பெத்த மகள் வாறா. தேப்பன்ர வீடு இப்பிடி ஊத்தையாக் கிடக்கிறதே?"

ஏணி வைத்து, புளியும் உப்பும் போட்டு, பொழுதுபடும்வரை தேய்த்தார். நானும் தேய்த்தேன். கறுப்புக் கரைந்து செம்பு சிவந்தபோது இருட்டு அறையே விடிந்ததுபோல ஆனது. பெரியப்பாகூட முறைப்பாட்டை நிறுத்திவிட்டு வாயைப் பிளந்து பார்த்தார்.

ஞாயிறு காலை எல்லோருக்கும் முன்னதாக வந்த செயலாளர் "போன்ஜூர்" என்று பிரெஞ்சில் வணக்கம் சொன்னபடி உள்ளே நுழைந்தார். தகட்டைக் கண்டதும் இரண்டு கைகளாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். நல்ல மனிதர், திட்டவில்லை. அந்தக் கறுப்பு ஒரு ஆயுட்காலம் சேர்ந்த நிறம், செம்பு தானாக முதிரவேண்டும் என்பதே கலைஞரின் எண்ணம் என்று மெதுவாகச் சொன்னார். மெதுவாகச் சொன்னதுதான் இன்னும் அதிகமாகச் சுட்டது. பெரியம்மா குசினிக்குள் போய் எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் நின்றுகொண்டார். வடை கருகுவது அவருக்குத் தெரியவில்லை.

"ஒரு மனுசன்ர கைவேலையை நாசமாக்கிப்போட்டன் பிள்ளை. அந்த மனுசிக்கு எந்த முகத்தைக் காட்டுறது?"

கலைஞரின் மகள் ஊன்றுகோலோடு வந்தார். எண்பதைத் தாண்டியிருப்பார். மரவாங்கில் அமர்ந்து தகட்டை நிமிர்ந்து பார்த்தார். அவருடைய தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்து நான் கிட்ட ஓடினேன். அவர் சிரித்துக்கொண்டிருந்தார், கண்ணால் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"யார் இதைத் தேய்த்தது?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

பெரியம்மா குற்றவாளிபோல வந்து நின்றார்.

"என் அம்மாவும் இப்படித்தான். அப்பா வெளியூர் போனால் போதும், வினாகிரியும் உப்பும் எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறிவிடுவாள். அப்பா வந்து பார்த்துவிட்டு ஒரு வாரம் பேசமாட்டார். இன்றைக்கு இருந்திருந்தால் உங்களோடும் பேசமாட்டார்." பிறகு பெரியம்மாவின் கையைப் பிடித்து இழுத்துத் தன் பக்கத்தில் இருத்தினார். "ஆனால் நான் வளர்ந்தது இந்த வெளிச்சத்தில்தான். அம்மா போன பிறகு நான் இதைப் பார்த்ததேயில்லை."

அன்று கருகிய வடைகூட மிஞ்சவில்லை. செயலாளர் தொட்டுக்கொள்ள வைத்த சம்பலுக்குக் கை நீட்டிக்கொண்டே இருந்தார். பெரியம்மா அந்த மகளின் பக்கத்தை விட்டு எழும்பவே இல்லை. அவ்வளவு சந்தோசமாக அவரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

பெரியப்பா காலமான பிறகு பெரியம்மா மகனோடு ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் லவாலுக்குப் போய்விட்டார். வீட்டை நான் வாங்கிக்கொண்டேன். தாழ்ப்பாளைத் தடவும் பழக்கமும் அதோடு சேர்ந்து வந்துவிட்டது. சங்கத்தார் ஒவ்வொரு ஐப்பசியிலும் வருகிறார்கள். கணப்படுப்புக்கு முன்னால் நின்று செயலாளர் கலைஞரைப் பற்றிச் சொல்கிறார், பிறகு கலைஞரின் மனைவியைப் பற்றி, பிறகு பெரியம்மாவைப் பற்றி.

நாளைக்கும் வருகிறார்கள். சற்று முன்தான் லவாலிலிருந்து தொலைபேசி வந்தது.

"பழப்புளி ஊறப்போட்டிட்டியோ?"

"ஓம் பெரியம்மா, மினுக்கியும் முடிச்சிட்டன்."

அது முழு உண்மை இல்லை. மேல் மூலையில் உள்ளங்கை அளவு கறுப்பைக் கலைஞருக்கென்று விட்டுவைத்திருக்கிறேன். நாளைக்குப் பெரியம்மாவும் வருகிறாராம். கண்டால் ஏணி கேட்பார்.