கிள்ளான் ரயிலில் சிரிக்க வைத்தவர்

பேய், பிசாசு, அருள்வாக்கு என்று யாராவது ஆரம்பித்தாலே எழுந்து போய்விடுகிற ஆள் நான். பிரிக்பீல்ட்ஸ் ரயில் பட்டறையில் வெள்ளைக்காரத் துரைக்குக் கீழே இரும்பு அடிக்கிறவனுக்கு அதற்கெல்லாம் ஏது நேரம்? இதையும் நீங்கள் நம்ப மாட்டீர்கள், தெரியும். சிரித்துவிட்டுப் போங்கள்.

மனைவி காய்ச்சலில் போன பிறகு, எதற்காக உயிரோடு இருக்கிறோம் என்ற கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது. பட்டறையில் கேட்டேன், கோயிலில் கேட்டேன், ஒருத்தனும் சரியாகச் சொல்லவில்லை. கடைசியில் காசிக்குப் போய்ச் சாமியாராகிவிடுவது என்று முடிவு செய்து, மகள் வள்ளியைப் பக்கத்து வீட்டுப் பொன்னம்மாக்காவிடம் விட்டு, பாசாரில் காய்கறி வாங்கி வருகிறேன் என்று புளுகிவிட்டு, கப்பல் பிடிக்கத் துறைமுக ரயிலில் ஏறினேன். திரும்புகிற எண்ணமே கிடையாது.

எதிரே ஓர் ஆள். கறுப்புக் கோட்டு, முன்பல் இல்லை.

“எங்கண்ணே பயணம்?”

“காசிக்கு. எதுக்குய்யா என்னைப் படைச்சேன்னு கடவுளையே கேக்கப் போறேன்.”

“சரி, அவரு சொல்லிட்டாருன்னு வைங்க. மறுநாள் காலையில என்னண்ணே பண்ணுவீங்க?”

என் பதிலுக்குக் காத்திராமல் அவரே சொன்னார்.

“பல்லு வெளக்கணும்ல? அதுக்குக் காசி வரைக்குமா?”

எனக்குக் குபீரென்று சிரிப்பு வந்துவிட்டது. அவள் போனதிலிருந்து அன்றுதான் சிரித்தேன், சிரித்துக்கொண்டே அழுதும் விட்டேன், மானம் போயிற்று. அவர் துண்டை நீட்டி, “உங்களுக்கு ஒரு பக்கந்தான் கன்னம் குழியுது. வள்ளிக்கும் அப்படியேதான்” என்றார்.

சத்தியமாகச் சொல்கிறேன், மகள் இருக்கிறாள் என்றுகூட நான் சொல்லவில்லை. யாரய்யா நீ என்று கேட்பதற்குள் கிள்ளான் ஸ்டேஷன் வந்துவிட்டது; அவர் இறங்கிக் கூட்டத்தில் கலந்துவிட்டார். நானும் அங்கேயே இறங்கி, அடுத்த ரயிலில் வீட்டுக்குத் திரும்பிவிட்டேன்.

பொன்னம்மாக்கா வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

“எங்க தம்பி போன? உன் சிநேகிதரு மத்தியானம் தேடி வந்தாரு. கறுப்புக் கோட்டு, முன்பல்லு இல்ல. சோறு போட்டேன். புள்ளைய ஒரே சிரிப்பா சிரிக்க வச்சாரு.”

மத்தியானம் அவர் என் எதிரே ரயிலில் இருந்தார்.

“ஆனா பாரு, சாப்பிட்டு முடிச்சு எலைய எழவு வீட்டுல மடிக்கிற மாதிரி அந்தப் பக்கமா மடிச்சாரு. யாருக்கய்யா எழவுன்னு கேட்டேன். ‘எலைய எடுக்காதீங்க, வள்ளி அப்பா வந்துட்டா இந்தப் பக்கமா மடிச்சுக்குவாரு’ன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு.”

இலை அப்படியே கிடந்தது. குனிந்து என் பக்கமாகத் திருப்பி மடித்தேன்.

இன்றும் எந்த விருந்தில் உட்கார்ந்தாலும், பக்கத்து ஆள் இலையை எந்தப் பக்கம் மடிக்கிறார் என்று பார்க்கும் வரை எனக்குச் சோறு இறங்காது.