கன்னியம்மா அக்கா காரும் என் வாளித் தண்ணீரும்

பழவேற்காட்டில் பட்டறை திறந்து நான் முதன்முதலாக வேலை முடித்துக் கொடுத்த கார் இரண்டே மாதத்தில் திரும்பி வந்தது. பக்கத்து ஊரான தோணிரேவு கன்னியம்மா அக்காவின் கார். ஒரு காலத்தில் ஏரியில் இறங்கிக் கையால் நண்டு பிடித்தவர். இப்போது நண்டை வாங்கி ஐஸ் பெட்டியில் போட்டு, தானே ஓட்டிக்கொண்டு போய் மீஞ்சூரில் விற்கிறார். வண்டி வைத்திருக்கிற அத்தனை பேரும் அவர் பேச்சைக் கேட்பார்கள். அவர் கைவிட்டால் நான் ஷட்டரை இறக்கிவிட்டு மறுபடி சென்னைக்குக் கூலி வேலைக்குப் போகவேண்டியதுதான்.

பின் சக்கரத்துக்கு மேலே ஓர் இடம், முன் கதவின் அடி விளிம்பில் ஓர் இடம். இரண்டிலும் ஆரம்பத் துரு, பெயிண்டுக்கு அடியில் கடுகு கடுகாகக் கொப்புளம். தகடு பளிச்சென்று தெரியும்வரை சுரண்டி, பிரைமர் அடித்து, பள்ளம் நிரவப் பட்டி வைத்து, தண்ணீர் தொட்டு வாட்டர் பேப்பரால் தேய்த்து, கலர் சேர்த்துக் கொடுத்திருந்தேன். இப்போது அதே இரண்டு இடத்திலும் மறுபடி கொப்புளம். பதினாறு வருடம் டிங்கரிங் செய்த கை, இதில் தப்பு வராது என்று இருந்தேன். அதனால் பழியை நண்டின் மேல் போட்டேன்.

"அக்கா, ஐஸ் பெட்டியிலேர்ந்து உப்புத் தண்ணி ஒழுகுது. அதான்."

"நண்டு டிக்கியில போவுது மேஸ்திரி. முன் கதவுல எப்டி வந்துச்சு? நண்டு ஏந்து வந்து முன்சீட்டுல குந்திக்கிச்சா?"

எதிர் டீக்கடையில் சிரித்தார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது.

அவர் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். "நீ கை வச்ச எடத்துலதான் கொப்பளம் கெளம்பிக்கிது. கை வெக்காத எடம் நல்லாத்தான் கீது. இன்னா போட்டுத் தேச்ச?"

வாளியைக் காட்டினேன். அதில் விரலை விட்டு நாக்கில் வைத்தார். முகத்துவாரம் திறந்து கடல் தண்ணீர் ஏரிக்குள் ஏறிவிட்டதா என்று அவர் பார்ப்பது அப்படித்தான்.

"கரிக்குதுய்யா. ஏரித் தண்ணி தோத்துது போ."

பட்டறை போர் தண்ணீர் அது. பட்டி தண்ணீரை உறிஞ்சும் என்பது எனக்குத் தெரியும். தண்ணீரோடு உப்பும் உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும் என்று யோசிக்கவில்லை. துருவை எடுக்கிறேன் என்று துருவுக்கு விதை போட்டிருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

"தப்பு என்னுதுக்கா. நாலு நாள் வண்டிய உடுங்க."

"நண்டு வர்ற நேரத்துல நாலு நாளா?" என்றவர், என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சாவியை மேஜையில் வைத்தார்.

மறுபடி தகடுவரை எடுத்தேன். கேன் தண்ணீரால் கழுவி, உடனே துடைத்து, சூடு காட்டிக் காயவைத்தேன். பட்டியைத் தண்ணீர் படாமல் தேய்த்தேன். பிரைமர் மேல் தேய்க்கவும் கேன் தண்ணீர்தான். "நாங்க குளிக்கிறதே போர் தண்ணியில. வண்டிக்குக் கேன் தண்ணி கேக்குதா?" என்று டீக்கடைக்காரர் கேலி செய்தார். செய்யட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஊர் மாறினால் முதலில் அந்த ஊர்த் தண்ணீரை நாக்கில் வைத்துப் பாருங்கள். பழைய ஊர் அனுபவம் அதற்கப்புறம்தான்.

அந்தக் கார் மூன்று மழைக்காலம் தாண்டிவிட்டது. போன வாரம் அக்கா வந்தார். பின் கதவின் ஓரத்தில் புதிதாக இரண்டு கொப்புளம். பழைய இரண்டு இடமும் கண்ணாடி மாதிரி இருந்தன.

"நீ கை வெக்காத எடத்துலதான் வருது மேஸ்திரி," என்று சாவியை நீட்டினார். "அதுலயும் கை வெச்சிடு."