டேக்வாண்டோவில் கால் பட்டால்

நெஞ்சுக் கவசம் எப்போதும் ஈரமாகவே இருக்கும். எனக்கு முன் அதைப் போட்டவளின் வியர்வை. பழைய ரெக்சின் மணம்... மேலே பட்டதும் சில்லென்று ஒரு குளிர்.

அதன் கயிறுகள் முதுகுப் பக்கம். தனியாகக் கட்ட முடியாது. யாராவது ஒருத்தி பின்னால் நின்று கட்டிவிட வேண்டும்.

நேற்றுப் பின்னேரம் ஒரு கொரியப் படம் பார்க்கும்போது அது நினைவுக்கு வந்தது.

இந்த வகைப் படங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். யாரும் மதிக்காத ஒரு பள்ளிக்கூடம், கலைக்கப்படவிருக்கும் டேக்வாண்டோ அணி. ஆள் போதாமல், சண்டையே தெரியாத ஒருத்தியைப் பிடித்து இழுத்து வருவார்கள். மண்டபத்தைக் கூடைப்பந்துக்காரர்கள் எடுத்துக்கொள்ள, இவர்கள் ஏதோவொரு சாமான் அறையில் பயிற்சி செய்வார்கள். தோற்றால் ஒன்றாக இருந்து நூடில்ஸ் சாப்பிடுவார்கள். கடைசி உதை மட்டும் மெதுவாக, இசையோடு போய் விழும். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. ஆனாலும் ஒன்றுவிடாமல் பார்க்கிறேன்.

ஏனென்றால், அப்படிப் பிடித்து இழுத்து வரப்பட்டவள் நான்.

கனடாவில், ரெக்ஸ்டேலில் ஒரு ஹைஸ்கூல். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த முதல் குளிர்காலம். ஆங்கிலம் வாசிப்பேன், பேச வராது. வகுப்பில் யாரும் என்னோடு பேசியதும் இல்லை. மத்தியானச் சாப்பாட்டை லைப்ரரிக்குப் பின்னாலிருந்த படிக்கட்டில் தனியாக இருந்து சாப்பிடுவேன்.

ஒருநாள் சுகி அங்கே வந்தாள். சின்ன வயதிலேயே கனடா வந்துவிட்டவள். பள்ளிக்கூடத்தில் தமிழ் பேசவே மாட்டாள். அன்றைக்குப் பேசினாள்.

"உனக்குச் சண்டை பிடிக்கத் தெரியுமோ?"

"இல்லை."

"பரவாயில்லை. கேர்ள்ஸ் டேக்வாண்டோ ரீமுக்கு மூண்டு பேர் வேணும். நானும் மியோங்கும்தான் இருக்கிறம். நீ சும்மா வந்து நிண்டாக் காணும்."

"அடி விழாதோ?"

"விழும்தான். செத்தே போகப்போறாய்? வாறியோ?"

"வாறன்," என்றேன்.

மியோங் கொரியப் பெண். எங்கள் மூவரில் ஒழுங்காக உதைக்கத் தெரிந்தவள் அவள் மட்டுமே. எங்களுக்கும் மண்டபம் கிடைக்கவில்லை. கஃபெடீரியாவில் மேசைகளைத் தள்ளிவிட்டு, கெச்சப் சிந்திய தரையில் பயிற்சி. நான் பஞ்சுப் பையைத்தான் உதைப்பேன். ஆளை உதைக்கச் சொன்னால் பின்னால் போய்க்கொண்டே இருப்பேன்.

தொடங்குமுன் சுகி என் கவசத்தைக் கட்டிவிடுவாள். கயிற்றை இறுக்கி முடிச்சுப் போட்டுவிட்டு முதுகில் ஒரு தட்டுத் தட்டுவாள். "சரி, போ."

அந்தத் தட்டுக்காகவே நான் போனேன். வெல்ல வேண்டும் என்று எனக்கு ஒருபோதும் இருந்ததில்லை. போட்டி முடிந்த பிறகும் இவர்கள் என்னைத் தங்களோடு வைத்திருக்க வேண்டும்... அதுதான் ஆசை.

போட்டி நாள் வந்தது. மியோங் வென்றாள். சுகி தோற்றாள். மிச்சம் நான்.

எதிரில் உயரமான ஒருத்தி. வழக்கம்போலப் பின்னால் போய்க்கொண்டிருந்தேன். எப்படி என்று தெரியவில்லை, ஒரு கணம் என் கால் எழும்பி அவள் நெஞ்சில் 'டப்' என்று விழுந்தது. நல்ல சுத்தமான உதை. "யெஸ்!" என்று சுகி கத்தியதும் கேட்டது.

ஆனால் என் மனதில் வந்ததோ, ஐயோ, கால் பட்டுவிட்டதே என்பதுதான்.

கை தன்பாட்டில் நீண்டு அவள் தோளைத் தொட்டது. தொட்ட கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். புத்தகத்தில் கால் பட்டாலும் ஆளில் கால் பட்டாலும் வீட்டில் செய்வதைத்தான் செய்தேன்.

கை கண்ணில் இருக்கும்போதே அவளுடைய கால் என் தலைக்கு வந்தது.

விழுந்தேன். தோற்றோம். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள், அது பெரிதில்லை. மியோங் சிரிக்கவில்லை. உண்மையாகவே விளங்காமல், "என்ன செய்தாள் அவள்?" என்று சுகியிடம் ஆங்கிலத்தில் கேட்டாள்.

அது என்னவென்று அந்த மண்டபத்தில் தெரிந்த ஒரே ஆள் சுகி. நான் அவள் முகத்தைப் பார்த்தேன்.

"ஐ டோன்ட் நோ," என்றாள் சுகி. "ஷீ இஸ் வியர்ட்."

கவசத்தைக் கழற்றவும் பின்னால் ஒருத்தி வேண்டும். யாரும் வரவில்லை. முடிச்சு அவிழாமல் தலைவழியாக இழுத்துக் கழற்றினேன். பஸ்ஸில் அவர்கள் இருவரும் முன்னால் இருந்தார்கள். நூடில்ஸ் எதுவும் இல்லை. திங்கட்கிழமை மத்தியானம் திரும்பவும் அதே படிக்கட்டு.

பிறகு எல்லாம் வந்தது. பல்கலைக்கழகம், வேலை, பிக்கரிங்கில் வீடு. சுகி இப்போது பக்கத்து ஊரான அஜக்ஸில். கலியாண வீடுகளில் சந்தித்தால் நன்றாகத்தான் பேசிக்கொள்வோம். போன மாதமும் அப்படி ஒரு வரவேற்பில் பக்கத்துக் கதிரையில் வந்து இருந்தாள்.

"என்னப்பா, அவ்வளவு பெரிய வீட்டில தனிய இருந்து என்ன செய்யிறாய்?"

"படம் பாக்கிறன்."

"என்ன படம்?"

"கொரியன்."

"கடவுளே! என்ர மகளும் உதுதான். பாக்கிறதும் அழுறதும், சாப்பாடும் இல்லை..."

சிரித்தபடி கால்மேல் கால் போட்டாள். மேசைக்குக் கீழே அவளுடைய கால் என் முழங்காலில் இடித்தது.

பேச்சை அவள் நிறுத்தவில்லை. கை மட்டும் என் முழங்காலைத் தொட்டு அவள் கண்ணுக்குப் போனது. பிறகு அதே கையால் ஒரு ரோல்ஸை எடுத்துக் கடித்தாள்.

"சுகி..."

"ஓம், சொல்லு."

"ஒண்டுமில்லை. ரோல்ஸ் சுடுதோ?"

"ஆறிப்போச்சு. நீயும் ஒண்டு எடன்."

எடுத்தேன். கொஞ்ச நேரத்தில் அவள் கணவர் காரை வாசலுக்குக் கொண்டுவந்துவிட்டதாக அழைத்தார். அவள் போய்விட்டாள்.

அந்தக் குளிர்காலத்தில் படிக்கட்டுவரை வந்து கூப்பிட ஒருத்தி இருந்தாள். தன் தேவைக்குத்தான் வந்தாள், ஆனாலும் வந்தாள். இப்போது என் வீட்டுச் சாப்பாட்டு மேசையைச் சுற்றி நல்ல கதிரைகள் இருக்கின்றன. நான் வழக்கமாக இருக்கும் கதிரையைத் தவிர மற்றவை புதிதாகவே இருக்கின்றன.

நேற்றைய படத்தை இன்னும் முடிக்கவில்லை. கடைசிப் போட்டிக்கு முன்னால் நிறுத்தி வைத்திருக்கிறேன். ஒருத்தி மற்றவளின் பின்னால் நின்று கவசத்தின் கயிற்றை இறுக்குகிறாள். முதுகில் ஒரு தட்டு.

முடிவு எப்படியும் தெரிந்ததுதான். இந்த இடத்தைத்தான் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கிறேன்.