குரங்குக்குக் கேரண்டி இல்லை

எங்கள் எஸ்டிமேட் தாளின் கடைசி வரி இன்றும் இதுதான்: "குரங்கு புரட்டிய ஓட்டுக்கு நாங்கள் பொறுப்பில்லை." புதிதாக வருகிறவர்கள் அதைப் படித்துவிட்டுச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். கண்டியில் ஓட்டு வீடு வைத்திருக்கிறவர்கள் யாரும் சிரித்ததில்லை. அந்த வரியை எழுதியவள் நான். அப்போது எனக்குப் பத்து வயது. பள்ளிக்கூடத்தில் கையெழுத்துக்குப் பரிசு வாங்கியிருந்தேன். வீட்டில் சும்மா விடுவார்களா?

அப்பா மேசன் பாஸ், அதாவது கொத்தனார். கட்டுகஸ்தோட்டையில் ஒரு கொந்தராத்துக்காரரிடம் பதினொரு வருஷம் வேலை பார்த்தார். சீமெந்தைக் குறைப்பது முதலாளி, சுவர் வெடித்தால் ஏச்சு வாங்குவது அப்பா. ஒருநாள் கரண்டியைக் கழுவிப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார். இனிமேல் சொந்தமாகத்தான் வேலை, செய்த வேலைக்கு ஒரு வருஷம் கேரண்டி, எந்த வீட்டிலிருந்து கூப்பிட்டாலும் போய்ப் பார்ப்பேன் என்று அம்மாவிடம் சொன்னார். அம்மா சரி என்றாள். விலை சொல்வதை மட்டும் தன் கையில் எடுத்துக்கொண்டாள்.

அங்கேதான் வில்லங்கம். எங்கள் ஊர் பாஸ்மார் விலை சொல்வதற்கு ஒரு முறை உண்டு. குறைக்கச் சொல்வார்கள் என்று தெரிந்தே கூட்டிச் சொல்வார்கள். வீட்டுக்காரர் அடித்துப் பேசிக் குறைப்பார். பாஸ் தலையைச் சொறிந்துகொண்டு, "சரி, உங்களுக்காக" என்பார். இரண்டு பேரும் சந்தோஷமாகத் தேத்தண்ணி குடிப்பார்கள். அம்மாவுக்கு இந்த நாடகமெல்லாம் ஆகாது. ஓடு இத்தனை, ஆணி இத்தனை, ஆள் கூலி இத்தனை, எங்களுக்கு இத்தனை என்று எழுதி நீட்டுவாள். "குறைக்கிறதுக்குன்னே கூட்டிச் சொல்ல எனக்குத் தெரியாதுங்க. இதுல எதை வெட்டணும்னு நீங்களே சொல்லுங்க" என்பாள். ஆணியை வெட்டு என்று எவர் சொல்வார்? ஆனால் அப்படிச் சொன்ன விலையில் இன்னொரு தடவை சும்மா போய்வர இடம் கிடையாது. மற்றவர்கள் கூட்டிச் சொன்னதில் அந்தப் போக்குவரத்தும் அடங்கியிருந்தது. எங்களுடையதில் இல்லை.

அம்பிட்டியவில் ஒரு டீச்சர் வீட்டுக் கூரைதான் அப்பாவின் முதல் பெரிய வேலை. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து கண்டிப் பள்ளிக்கூடங்களிலேயே படிப்பித்து ஓய்வு பெற்றவர். தனியாக இருந்தார். அந்த மலைச் சரிவில் பாதி வீடுகளில் அவரிடம் படித்தவர்கள். அவர் நல்லது என்று சொன்னால் நல்லது, மோசம் என்றால் மோசம். போதாததற்கு வெளிநாட்டிலிருந்து அவருடைய தம்பி வரப்போகிறார், மேல்மாடி கட்டப்போகிறார், "உங்களைத்தான் சொல்லுவன்" என்று அப்பாவிடம் சொல்லியும் வைத்திருந்தார்.

கூரை முடிந்து மூன்று கிழமை ஆகவில்லை, டெலிபோன் வந்தது. "பாஸ், குசினிப் பக்கம் திரும்பவும் ஒழுகுது. ஒருக்கா வந்து பாருங்கோ." அப்பா போனார். சமையலறைக்கு மேலே பத்து ஓடு மாற்றினார். அடுத்த மாதம் மறுபடி. அதற்கடுத்த மாதமும். ஒவ்வொரு தடவையும் அவருக்கு ஒரு நாள் போயிற்று, கூடப் போகிற ஆளுக்குக் கூலி கைக்காசிலிருந்து போயிற்று. பழைய முதலாளி ஆள் அனுப்பி, இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டிருந்தார். அதைக் கேட்ட அன்று அம்மா அரிசியைக் களைந்த வேகத்தில் பாதி அரிசி தண்ணீரோடு போயிற்று. "மறுபடியும் அங்க போய்க் கையைக் கட்டிக்கிட்டு நிக்கிறதுக்கா எழுந்து வந்தீங்க?" என்று கேட்டாள்.

நான்காவது தடவை கூப்பிட்டது ஒரு சனிக்கிழமை. பள்ளிக்கூடம் இல்லாததால் நானும் கூடப் போனேன். டீச்சர் என்னைப் பின்வாசலில் கதிரை போட்டு உட்காரவைத்து வடை கொடுத்தார். நல்ல வடை. அதையும் சொல்லத்தான் வேண்டும். அப்பா மேலே வேலையை முடித்துவிட்டு இறங்கிக் கை கழுவிக்கொண்டிருந்தார். உச்சி வெயில். டீச்சர் சாமியறையிலிருந்து ஒரு தட்டோடு வந்தார். தட்டில் வாழைப்பழம், இரண்டு கை வறுத்த கச்சான் கடலை. தாழ்வான குசினிக் கூரை விளிம்பில் எல்லாவற்றையும் பரப்பிவிட்டு, "வாங்கோ ராசா, வாங்கோ" என்று கூப்பிட்டார்.

பின்னால் நின்ற பலா மரம் முழுவதும் குலுங்கியது. இருபது குரங்காவது இருக்கும். பழம் ஒரு நிமிஷத்தில் தீர்ந்தது. கச்சான் ஓட்டு இடுக்குகளுக்குள் உருண்டு போயிருந்தது அல்லவா? ஒரு தடியன் குரங்கு, பெட்டி மூடியைத் திறப்பதுபோல ஓட்டைத் தூக்கி, கையை விட்டுத் துழாவி, கச்சானை எடுத்துக்கொண்டு ஓட்டை வீசியது. அது என் காலடியில் வந்து உடைந்தது. பத்து நிமிஷத்துக்கு முன்னால் அப்பா வைத்த புது ஓடு.

"அப்பா! இவங்கதான் குரங்கைக் கூப்பிட்டு நம்ம ஓட்டை உடைக்க விடுறாங்க!" என்று கத்தினேன். பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது.

டீச்சர் தட்டோடு அப்படியே நின்றார். "சனிக்கிழமை விரதம், பிள்ளை. ஆஞ்சநேயருக்கு வைக்கிறது" என்றார். குரல் இறங்கிப் போயிருந்தது.

"வாயை மூடு!" என்றார் அப்பா என்னைப் பார்த்து. "மன்னிச்சுக்குங்க டீச்சர். சின்னப் புள்ள."

மன்னிப்பா? யார் யாரிடம் கேட்பது? எனக்குக் காது சுட்டது. அப்பா மறுபடி ஏறி, புரட்டியதையெல்லாம் அடுக்கிவிட்டு இறங்கினார். பிறகு பலா மரத்தடிக்குப் போய் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வெகுநேரம் நின்றார். என் முகத்தைப் பார்க்க வெட்கப்படுகிறார் என்று முடிவு கட்டினேன். டேப்பைச் சுருட்டிக்கொண்டே வந்து, "வா போவோம்" என்றார்.

வீட்டுக்குள் கால் வைத்ததும் அம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அம்மா அப்பாவைப் பார்த்தாள். "உங்களுக்குத் தெரியாதா?"

"மொத நாளே தெரியும். மழைத்தண்ணிப் பீலி பூரா கச்சான் கோது."

"அப்புறம்?"

"சாமிக்கு வைக்கிறாங்க. எப்படி வேணாம்னு சொல்றது? தம்பி வேற வர்றாரு."

"ஒழுகுறதுக்குக் கேரண்டி குடுத்தீங்க, சரி. குரங்குக்குமா குடுத்தீங்க?"

என் அப்பா ஒரு பயந்தாங்கொள்ளி என்று அந்த நிமிஷம் தீர்மானித்தேன். அதற்குமேல் அங்கே நிற்கப் பிடிக்காமல் பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டேன்.

மறுநாள் பூசை முடிந்ததும் அம்மா கோயிலுக்கு உடுத்திய சேலையோடேயே என்னை இழுத்துக்கொண்டு அம்பிட்டிய பஸ்ஸில் ஏறினாள். எஸ்டிமேட் கொப்பி அவள் கையில் இருந்தது. அந்த வீட்டுக்கு அவள் போவது அதுதான் முதல் தடவை. டீச்சர் முன் அறையில் உட்காரச் சொன்னார். அன்றைக்கு வடை வரவில்லை.

"டீச்சர், இதுவரைக்கும் செஞ்சதுக்கு ஒரு சதமும் வேணாம். அது எங்க வாக்கு. இனிமே மழையால ஒழுகினா நாங்க சும்மா வருவோம். குரங்கு புரட்டினா ஓட்டு விலையும் கூலியும் நீங்க தரணும்" என்றாள் அம்மா.

"உங்கட மனுசன் ஒண்டும் சொல்லேல்லையே. அவர் நல்ல மனுசன்."

"நல்ல மனுசன்தான் டீச்சர். அதான் நான் வந்தேன்."

டீச்சருக்கு முகம் சிவந்தது. "அப்ப என்ர தம்பி வேற ஆளைத்தான் பாக்கவேண்டி வரும்."

"பாக்கட்டும். வர்றவரு குரங்குக்கும் சேர்த்து இப்பவே விலை சொல்லிடுவாரு. நாங்க சொல்லல." அம்மா கொப்பியைத் திறந்தாள். "உங்க விரதத்தை நிறுத்தச் சொல்ல நான் யாரு? பலா மரத்துக்குக் கீழ நாலடிக்கு மூணடி, இடுப்பு உயரத்துல ஒரு திட்டு கட்டித் தர்றோம். படையலை அங்க வைங்க. கூரையில கச்சான் விழாது. விலை இந்தாங்க."

டீச்சர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். ஏதாவது குறைக்க முடியுமா என்று கேட்டார். எதை வெட்டலாம் என்று அம்மா கேட்டாள். கல்லையா, சீமெந்தையா? அம்மா பேனையை என்னிடம் தந்து குரங்கு வரியை எழுதச் சொன்னாள். நான் கோணாமல் எழுதினேன். டீச்சர் வாசித்தார். "கையெழுத்து வடிவா இருக்கு" என்றார். கொப்பியை மூடி அம்மாவிடம் நீட்டினார். நாங்கள் எழுந்து வந்துவிட்டோம்.

தம்பியின் மாடி எங்களுக்குக் கிடைக்கவில்லை. வேறொருவர் கட்டினார். அப்பா அந்தப் பக்கம் போனால் நிமிர்ந்து பார்க்காமல் வருவார். ஆனால் இரண்டு கிழமை கழித்து, திட்டைக் கட்டித் தரச் சொல்லி டீச்சர் கூப்பிட்டார். சொன்ன விலையைத் தந்தார். குரங்குத் தொல்லை அதோடு ஒழிந்தது என்று சொன்னால் பொய். குரங்கு எஸ்டிமேட்டா படிக்கும்? இன்னும் இரண்டு தடவை ஓடு போயிற்று. இரண்டு தடவையும் டீச்சரே கணக்குப் பார்த்துத் தந்தார். "அந்தப் பிள்ளை குறைக்கவும் மாட்டா, கூட்டவும் மாட்டா" என்று அம்மாவைப் பற்றி ஊரெல்லாம் சொல்லியிருக்கிறார். குறையாகச் சொன்னாரோ என்னவோ, அதைக் கேட்டு ஏழு வீட்டு வேலை வந்தது. அப்பா கட்டுகஸ்தோட்டைக்குத் திரும்பிப் போகவில்லை.

இப்போது எஸ்டிமேட் எழுதுவது நான். குறையுங்கள் என்கிறவர்களிடம் எதை வெட்ட என்று நானும் கேட்கிறேன். அம்மாவின் தைரியம் எனக்கு வந்திருக்கிறது என்று பெருமையாகவே திரிந்தேன். போன மாதம் ஒரு வேலைக்கு விலை எழுதிக்கொண்டிருக்கும்போதுதான் சட்டென்று உறைத்தது. அம்மா அந்த வீட்டுக்கு அதற்கு முன் போனதே கிடையாதே. பலா மரத்தைப் பற்றி நான் சொல்லியிருப்பேன். அதன் அடியில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று அவளுக்கு எப்படித் தெரியும்? நாலடிக்கு மூணடி என்று யார் சொன்னது?

கேட்டேன். அம்மா சிரித்துக்கொண்டு அப்பாவைக் காட்டினாள்.

"நான் சொன்னா கெஞ்சுற மாதிரி ஆயிடும். உங்கம்மா சொன்னா விலை சொல்ற மாதிரி இருக்கும்" என்றார் அப்பா.

"அப்ப ஏன் என்னை வாயை மூடச் சொன்னீங்க?"

"அவங்க வாசல்ல வச்சு, அவங்க வடையைத் தின்னுக்கிட்டே கத்துற. பின்ன?" கொஞ்சம் பொறுத்து, "கத்தித் தொலைச்சிட்ட. அதுக்கப்புறம் அளக்காம எப்படி வர்றது?" என்றார்.

நான் கத்தியது சரிதான். இன்றைக்கும் அதில் எனக்குச் சந்தேகமில்லை, வடையோடு சேர்த்தே சொல்கிறேன். ஆனால் அன்று அம்பிட்டியவிலிருந்து திரும்பிய பஸ்ஸில், இவர் முகத்தில் முழிக்கக் கூடாது என்று ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தேன். அப்பா பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். அளவு எழுதிய சீமெந்துப் பைத் தாள் அவர் சட்டைப் பையில் இருந்தது.