பெட்டியோடு வந்த சத்தம்

என் வீட்டுக்காரருக்கு நான் இரண்டாவதுதான். முதலில் அவருடைய ஃபோன். இதைச் சொன்னால் அக்கம்பக்கத்தில் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும், என் வீட்டில் வந்து ஒரு நாள் இருந்து பார்த்தால் தெரியும்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் காருக்குப் பாகம் செய்கிற கம்பெனி ஒன்றில் அவருக்கு வேலை. புது ஃபோன் வாங்கி வந்த அன்றைக்கே, அதில் இருந்ததை எல்லாம் பிடுங்கிப் போட ஆரம்பித்தார். சிம் கம்பெனிக்காரன் திணித்துவிட்ட ஆப், கேட்காமலே வந்து நிற்கும் விளம்பரம், யாரும் ஆடாத விளையாட்டு எல்லாம் போயிற்று. லாஞ்சர் என்று ஒன்றைப் போட்டார், ஃபோனின் முகமே மாறிவிட்டது. செட்டிங்கில் ஒரு வரியை விரலால் தட்டிக்கொண்டே இருந்து, எல்லார் கண்ணுக்கும் தெரியாத ஒரு பக்கத்தைத் திறந்தார். ஐகான்களைக் கறுப்பு வெள்ளையாக்கினார். எழுத்தை மாற்றினார். முதுகில் இரண்டு தட்டு தட்டினால் டார்ச் எரிகிற மாதிரி செய்து, அதைக் காட்டுவதற்காகவே விளக்கை அணைத்தார். ஒரு ஃபோனுக்கு இவ்வளவு மெனக்கெடுகிற மனுஷருக்கு என் ஜாக்கெட்டைத் தையல்காரரிடமிருந்து வாங்கி வர மட்டும் ஞாபகம் இருக்காது.

எங்கள் வீடு ஆரம்பாக்கம் பக்கம். ஆந்திரா எல்லை அருகில்தான். ஃபோன் திடீரென்று அந்தப் பக்கத்து டவரைப் பிடித்துக்கொள்ளும், தெலுங்கில் வரவேற்பு மெசேஜ் வரும். அவர் ஃபோனுக்கு அடித்தால் சில நாள் ஒரு தெலுங்குக்காரி, பதிவு செய்த குரலில், அவர் எல்லைக்கு வெளியே இருப்பதாகக் குழைந்து சொல்வாள். என்னிடம் பேச வேண்டியவர் எங்கே இருக்கிறார் என்று எனக்குச் சொல்ல அவள் யார்? அவர் செட்டிங்கில் போய், நம்ம பக்கத்து டவரைத் தவிர வேறெதையும் பிடிக்காதபடி கட்டிப்போட்டபோது எனக்குப் பரம திருப்தி. சிக்னல் சுத்தமாகப் போய்விட்ட நாட்களில்கூட நான் முணுமுணுக்கவில்லை.

அவருடைய பழைய ஃபோன் என் கைக்கு வந்தது. மூலையில் விரிசல். அதற்கு அவர் எதுவும் செய்து கொடுக்கவில்லை. "உனக்கு இன்னாத்துக்கு அதெல்லாம்? கால் வருது, போவுது, போதும்ல," என்றார். என் எரிச்சல் அங்கிருந்து தொடங்கியது என்று வைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது டோன். யார் கூப்பிடுகிறார்கள் என்று ஃபோனைப் பார்க்காமலே தெரிய வேண்டுமாம். அவருடைய அம்மா கூப்பிட்டால் நாதஸ்வரம். சூப்பர்வைசர் கூப்பிட்டால் நாய் குரைக்கும். என் தம்பி கூப்பிட்டால் ஆட்டோ ஹாரன். முகம் தெரியாத நம்பர், லோன் வேண்டுமா என்று கேட்கிறவர்கள், ரீசார்ஜ் முடியப்போகிறது என்று சொல்கிறவர்கள், எல்லாருக்கும் பொதுவாக ஒரு தவில் தனி ஆவர்த்தனம்.

அப்புறம் ஒரு புல்லாங்குழல். மழைச் சத்தத்தோடு வரும். அது அவர் கம்பெனியில் குவாலிட்டி செக்‌ஷனில் வேலை செய்கிற ஒரு பெண்ணுக்கு. வேப்பம்பட்டுக்காரி. இங்கேயே லேடீஸ் ஹாஸ்டலில் தங்கி வேலைக்குப் போகிறாள். கம்பெனி பஸ்ஸில் அவருக்கு முந்தைய ஸ்டாப்பில் ஏறுகிறவள். காலையில் நான் தோசைக்கல்லின் முன் வியர்த்துக்கொண்டு நிற்கும்போது, கூடத்தில் மழை பெய்து குழல் ஊதும். அவர் நாஷ்டாவைப் பாதியில் வைத்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு ஓடுவார்.

"அது யாரு, குழலு வூதற ஆளு?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"பஸ்ஸு அவங்க ஸ்டாப்ப தாண்டிட்சின்னா சொல்லுவாங்க. நான் ஓடணும்ல."

"பஸ்ஸு வர்றதுக்கு மழ எதுக்குங்க?"

"நல்லாக்கீதுன்னு வச்சேன். இதுல இன்னா கீது உனக்கு?"

நல்லாக்கீது. அதுதான் எனக்கும் வயிற்றெரிச்சல். நாயும் ஹாரனும் கிண்டலுக்கு. நாதஸ்வரம் மரியாதைக்கு. அழகாக இருக்கிறது என்று அவர் தேடி வைத்த சத்தம் அது ஒன்றுதான்.

எனக்கு என்ன டோன் என்று எனக்கு வெகுநாள் தெரியாது. வீட்டில் இருக்கும்போது நான் ஏன் அவருக்கு ஃபோன் போடப்போகிறேன்? வெளியே போனால் அடிப்பேன், எடுப்பார். ஷிஃப்டில் இருக்கும்போது அடிப்பதில்லை. உள்ளே ஃபோனுக்கு அனுமதி கிடையாது. கேட்டில் செக்யூரிட்டி ரூமில் சுவர் முழுக்க நம்பர் போட்ட சின்னச் சின்னப் பெட்டிகள், அதில் வைத்துப் பூட்டிச் சாவியை அவரவர் பையில் போட்டுக்கொண்டு போக வேண்டும். ஆனாலும் அவர் ஒன்று சொல்லி வைத்திருந்தார். "எதனா அவசரம்னா எனக்கே அடி. வுடாம ரெண்டு தபா அடி. வந்துடும்."

"பொட்டியில பூட்டிக்கீற ஃபோனு உங்களுக்கு எப்டி வரும்?"

"வரும்னா வரும். அதுக்குன்னு கேஸ் தீந்துட்சி, பால் திரிஞ்சிட்சின்னு அடிக்காத."

அவர் ஃபோனில் இருக்கிற ஆயிரம் வித்தையில் இதுவும் ஒன்று போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஃபோனைத் தொலைத்துவிட்டு வீட்டையே புரட்டிக்கொண்டிருந்தார். "ஒரு கால் வுடு," என்றார். விட்டேன். ஃப்ரிட்ஜுக்கு மேல் இருந்து டிங், டிங், டிடிங் என்று ஒரு சத்தம். கடையில் பெட்டியைப் பிரிக்கும்போது எந்த ஃபோனும் போடுமே, அந்தச் சத்தம். எனக்கு முதலில் புரியவே இல்லை. எடுத்துப் பார்த்தால் திரையில் என் பெயர்.

அன்றைக்கு நான் யோசித்த யோசனை கொஞ்சமில்லை. லோன்காரனுக்குத் தவில் வாசிக்கிறது. ரீசார்ஜ் சொல்லும் மிஷினுக்குத் தவில் வாசிக்கிறது. கட்டிய பெண்டாட்டிக்கு, பெட்டியோடு சும்மா வந்த சத்தம். அவர் பிடுங்கிப் போடாமல் அந்த ஃபோனில் விட்டுவைத்தது அது ஒன்றுதான், அதைத் தூக்கி என் தலையில் போட்டிருக்கிறார். கேட்கலாம் என்றுதான் நினைத்தேன். கேட்டு வாங்குகிற டோன் எனக்கு எதற்கு என்று வீம்பு வந்துவிட்டது.

சாயங்காலம் அவர் குளிக்கப் போனார். ஃபோன் பூட்டின் கோலம் எனக்குத் தெரியும், அதையாவது அவர் என்னிடம் மறைத்ததில்லை. என் பெயரைத் திறந்து, அதற்குள் போய், டோன் என்ற இடத்தைத் தொட்டேன். எங்கள் கல்யாண வீடியோவில், மாலை மாற்றும்போது ஓடுமே, அந்தக் காதல் பாட்டை வைத்தேன். இனி நான் கூப்பிட்டால் ஊரே கேட்கட்டும். பஸ்ஸில் கேட்டால் இன்னும் நல்லது, குழல் ஊதுகிறவளும் கேட்கட்டும். ஃபோனைத் துடைத்து, இருந்த இடத்தில் வைத்துவிட்டுச் சட்னிக்குத் தேங்காய் துருவினேன். மனசு குளிர்ந்திருந்தது.

மறுநாள் பள்ளிக்கூடத்திலிருந்து கால் வந்தது. என் மகள், இரண்டாம் வகுப்பு, படியில் ஓடி விழுந்துவிட்டாள். போய்ப் பார்த்தால் முழங்கைக்குக் கீழே வீங்கி, கை கையாகவே இல்லை. குழந்தை அழக்கூடச் செய்யாமல் வெளுத்துப் போய் உட்கார்ந்திருந்தது. அவருக்கு அடித்தேன். முழுசாக அடித்து நின்றது. இன்னொரு தபா அடித்தேன். ஆட்டோவில் ஏறி அடித்தேன். பொன்னேரி ஆஸ்பத்திரி வாசலில் அடித்தேன். எக்ஸ்ரே எடுக்கிற ரூமுக்கு வெளியே நின்று, உள்ளே அவள் "அப்பா, அப்பா" என்று கத்துவதைக் கேட்டுக்கொண்டே அடித்தேன். வந்துடும் வந்துடும் என்றாரே, எதுவும் வரவில்லை.

மாவுக்கட்டு போட்டுக்கொண்டு வெளியே வந்தபோது பயம் எல்லாம் போய் ஆத்திரம் மட்டும் மிச்சமிருந்தது. வீட்டுக்குப் போகவில்லை. குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவை நேராகக் கம்பெனி கேட்டுக்கு விடச் சொன்னேன். அவரைப் பார்க்க வேண்டும், அந்தப் பெட்டியைப் பார்க்க வேண்டும், முடிந்தால் குழலையும் ஒரு கை பார்க்க வேண்டும்.

கேட்டில் காக்கிச் சட்டை போட்ட ஒரு அம்மா செக்யூரிட்டி. என் வயதுதான் இருக்கும். இன்னார் வீடு என்று சொன்னேன். அவள் குழந்தையின் கட்டைப் பார்த்துவிட்டு உடனே இண்டர்காமை எடுத்து உள்ளே தகவல் சொன்னாள். பிறகு என் பக்கம் திரும்பி, "ஏம்மா, அடிக்கக் கூடாதா?" என்றாள்.

எனக்கு வந்ததே கோபம். "காலைலேர்ந்து அடிக்கிறேன்மா. நீங்க வேணா பாருங்க," என்று அவள் எதிரிலேயே அடித்தேன். சுவரில் ஒரு பெட்டிக்குள்ளிருந்து எங்கள் கல்யாணப் பாட்டு நன்றாகச் சத்தமாகவே ஓடியது.

அவள் பெட்டியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அய்யோ, இது உங்க காலா? இந்தப் பாட்டு எவன்துடான்னு திட்டிக்கினே இருந்தேன்மா. உங்களுது டிங் டிங்னு வருமே."

"அது உங்களுக்கு எப்டித் தெரியும்?"

"பொட்டிய நாங்க தொறக்க முடியாது, சாவி அவங்க கைல. நாள் பூரா எதனா ஒண்ணு பாடிக்கினே கெடக்கும். அதனால ஊட்டு டோனு மட்டும் எங்க கிட்ட சொல்லி வச்சிடுவாங்க. அது ரெண்டு தபா அடிச்சா நாங்க உள்ள சொல்லி ஆள வரவெப்போம். மேல தெரிஞ்சா எங்களுக்குப் பேஜாரு, ஆனா நாங்களும் புள்ளகுட்டிக்காரங்கதான?"

"அதுக்கு இந்த டிங் டிங்தான் கெடச்சிதா?"

"பாட்டு வச்சா ஆவாதும்மா. புதுப்படம் வந்தா பத்துப் பேரு அதே பாட்ட வப்பான். ஊட்டுலேர்ந்து கால்னு ஒருத்தர கூப்ட்டா, இன்னொருத்தர் ஊட்டு காலா இருக்கும். உங்க ஊட்டுக்காரரு வந்து, ஃபோனோட வந்த டோன இங்க எவனும் வச்சிக்க மாட்டான், அது எனுக்கு, அது அடிச்சா எங்க இருந்தாலும் கூப்டுங்கன்னாரு. ரெண்டு வருசமா காத வச்சிக்கினு கீறேன், ஒரு நாளும் அடிக்கல. குடுத்துவச்ச வூடுன்னு நெனச்சிப்பேன்."

காலையில் முதல் கால் போனபோதே அவர் கேட்டுக்கு வந்திருப்பார். எக்ஸ்ரே ரூமில் மகள் கத்தும்போது பக்கத்தில் நின்றிருப்பார். அதைக் கெடுத்தது நான் வைத்த பாட்டு, அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், உள்ளதைச் சொல்கிறேன், பொறாமை. இரண்டு வருஷமாக இந்தக் காக்கிச் சட்டைக்காரிக்கு என் சத்தம் தெரிந்திருக்கிறது. எனக்குத் தெரியவில்லை. அவளிடம் நின்று சொல்லத் தெரிந்த மனுஷருக்கு என்னிடம் ஒரு வார்த்தை சொல்ல வாய் வரவில்லை.

அவர் ஓடி வந்தார். கிளவுஸைக்கூடக் கழற்றவில்லை. மகளைப் பார்த்ததும் அந்தக் கையோடே தூக்கப் போய், எண்ணெய் ஆகிவிடும் என்று நிறுத்திக்கொண்டு நின்றார். பின்னாலேயே ஒரு பெண் தண்ணீர் பாட்டிலோடு வந்தாள். "அக்கா, பாப்பாவ எங்கிட்ட குடுங்க, நீங்க தண்ணி குடிங்க," என்றாள். காலையில் அவர் ஃபோனில் கசிகிற அதே குரல், குழல்காரிதான். நல்ல பெண்தான். அழகாக வேறு இருந்தாள். தண்ணீரைக் குடித்தேன், குழந்தையைக் கொடுக்கவில்லை.

ஆட்டோவில் போகும்போது அவர் ஃபோனை எடுத்து, மிஸ்டு கால்களைப் பார்த்தார். பிறகு என் பெயரைத் திறந்து, அதற்குள் போய், பாட்டைப் பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"கேட்டிருந்தா சொல்லிருப்பேன்ல," என்றார்.

"நீங்களா சொல்லிருக்கலாம்ல."

"சொன்னா நீ டெய்லி அடிப்ப."

அது உண்மைதான். மடியில் மகள் தூங்கிப் போயிருந்தாள். அவர் மறுபடியும் அந்த டிங் டிங்கைத் தேடி எடுத்து வைத்தார். ஒருமுறை என்னை அடிக்கச் சொல்லிச் சரிபார்த்துக்கொண்டார். ஆட்டோக்காரர் தன் ஃபோன் என்று நினைத்துச் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தார்.

குழல் இன்னும் இருக்கிறது. காலையில் மழை பெய்கிறது, அவர் ஓடுகிறார், நான் தோசையைத் தீய விடுகிறேன். அதை மாற்றுங்கள் என்று இதுவரை நான் கேட்கவில்லை, அவராகவும் மாற்றவில்லை.

கட்டைப் பிரித்த பிறகு ஒரு நாள், மகளைக் கூட்டிக்கொண்டு மீஞ்சூரில் இருக்கிற என் தம்பி வீட்டுக்கு ரயிலில் போனேன். லேடீஸ் பெட்டியில் நல்ல கூட்டம். திடீரென்று டிங், டிங், டிடிங். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அப்பா ஃபோனும்மா," என்று மகள் சுற்றிப் பார்த்தாள். எதிர் சீட்டில் ஒரு பெண் பையிலிருந்து ஃபோனை எடுத்து, "சொல்லுங்க," என்று சாவகாசமாகப் பேச ஆரம்பித்தாள். புது ஃபோன், அவர் வைத்திருக்கிற அதே ஃபோன், மேலே ஒட்டின பிளாஸ்டிக்கைக்கூட இன்னும் பிரிக்கவில்லை. மீஞ்சூர் வரும்வரை அவளை முறைத்துக்கொண்டே வந்தேன். ஊரில் எத்தனை பாட்டு இருக்கிறது, அதில் ஒன்றை எடுத்து வைத்துக்கொள்ள வேண்டியதுதானே இவள்.