கடைவாய்ப் பல் மேல் நிற்கும் பெட்டி

சிடியை உள்ளே வைத்து மூடியை அழுத்தியதும் பெட்டியை அப்படியே குப்புறக் கவிழ்க்கிறார் பல்லுக்காரர். கவிழ்த்த பெட்டி நான்கு கடைவாய்ப் பற்களின் மேல் நிற்கிறது. காதைச் சாய்த்து, உள்ளே சிடி சீராகச் சுழல்கிறதா என்று கேட்டுக்கொள்கிறார். பிறகு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, மடியில் கிடக்கும் விளையாட்டுக் கைப்பிடியில் ஒரு பொத்தானை அமுக்குகிறார். பாட்டு தொடங்குகிறது. வயலின் ஒன்று மெதுவாக எழும்புகிறது, ஒரு பெண் மூச்சை இழுக்கிறாள், பாட வாயைத் திறக்கிறாள். அதற்குள் நிறுத்திவிடுகிறார்.

"ம்... மூச்சு நல்லா வந்திருக்கு" என்கிறார். மறுபடியும் முதலிலிருந்து.

பெட்டி வேறொன்றுமில்லை, டிவியில் செருகிப் பிள்ளைகள் ஆடுகிற பழைய வீடியோ கேம் பெட்டிதான். மகள் ஆடியது. மகள் படித்து வேலைக்குப் போய்விட்டாள், பெட்டி அலமாரியின் மேல் தூசி தின்றுகொண்டிருந்தது. சிடியில் இருக்கும் எண்களைப் பாட்டாக மாற்றித் தரும் சில்லு இந்த ரகப் பெட்டியில் அருமையானது, அதைச் சுற்றியிருக்கும் சாமான்கள்தான் மட்டம் என்று எங்கோ படித்தார். "நல்ல பொண்ணு பொல்லாத வீட்ல வாழ்க்கைப்பட்டுடுச்சு" என்று இரக்கப்பட்டுப் பெட்டியைக் கீழே இறக்கினார். அன்று கையில் எடுத்த திருகாணி முடுக்கியை அவர் இன்னும் கீழே வைக்கவில்லை.

தொழில் பொய்ப்பல் செய்வது. பல் மருத்துவர்கள் எடுத்தனுப்பும் வாய் அச்சை வைத்து, மெழுகில் ஈறு செய்து, பல் பதித்து, அரத்தால் ராவி, மெருகு ஏற்றிக் கொடுப்பார். வீட்டின் பின்னறையே பட்டறை. சுவரோரம் பிளாஸ்டர் தாடைகள் வரிசையாக வாயைப் பிளந்துகொண்டிருக்கும். புதிதாக வருகிறவர்கள் முதலில் திடுக்கிட்டு, பிறகு அவற்றைப் பார்த்துச் சிரிக்கத் தொடங்கிவிடுவார்கள். அதே மேசை, அதே பூதக்கண்ணாடி விளக்கு, அதே கூரான குச்சிகள்தான் பெட்டிக்கும். பெட்டியில் வேண்டாத ஓட்டை விழுந்த இடத்தையெல்லாம் ஈறுக்கு ஊற்றுகிற இளஞ்சிவப்புப் பசையால் அடைத்திருக்கிறார். சாம்பல் நிறப் பெட்டி ஆங்காங்கே பல் முளைக்கப்போகிற குழந்தை வாய் மாதிரி இருக்கிறது.

கவிழ்ப்பதற்குக் காரணம் உண்டு. சிடியைப் படிக்கும் கண் ஓடுகிற பிளாஸ்டிக் தடம் தேய்ந்துபோயிற்று. நிமிர்த்தி வைத்தால் கண் தடுமாறும், பாட்டு திக்கும். கவிழ்த்தால் ஓடும். பெட்டி இனித் தலைகீழாகத்தான் நிற்கும் என்று ஆனபிறகு, கூரைக்குக் கால் வைப்பதுதானே முறை? கடைவாய்ப் பல்லை நாலு பெரிய அளவில் வார்த்து மூலைக்கொன்றாக ஒட்டினார். "ஆடாது அசையாது. கடைவாய்ப்பல்லு தாங்காததா?" என்பார்.

கரண்ட் வரும் பகுதியைப் பெட்டிக்குள்ளிருந்து பெயர்த்தெடுத்து ஒரு பிஸ்கட் டின்னில் வைத்து, நீள ஒயரில் இணைத்திருக்கிறார். பக்கத்திலேயே இருந்தால் பாட்டில் இரைச்சல் ஒட்டிக்கொள்ளுமாம். இதைப் பார்த்த அவர் மனைவி, "தனிக்குடித்தனம் வெச்சுட்டீங்களா? நமக்குக்கூட இவ்வளவு சீக்கிரம் வைக்கலையே!" என்றார். அந்த அம்மாள் பஸ் ஓட்டுகிறவர். நாளெல்லாம் என்ஜினுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பவர், வீட்டுக்கு வந்தால் பாட்டு கேட்டுக்கொண்டே காலை நீட்ட ஆசைப்படுவார். நடக்கிற காரியமா? இந்த வீட்டில் பாட்டுக்குத் தலை மட்டும்தான் உண்டு, உடம்பு கிடையாது. வந்தவர்களிடம் அவர் சவால் விடுவதுண்டு. "அந்தப் பாட்டுல ரெண்டாவது வரி என்னன்னு இவரைக் கேளுங்க பாப்போம்."

பல்லுக்காரருக்குத் தெரியாது. அதைப் பற்றிக் கவலையும் இல்லை. பாடுகிறவள் உதட்டை ஈரப்படுத்துவதும், வயலின்காரரின் நாற்காலி கிறீச்சிடுவதும் அவருக்குத் தெரியும். அவை போன மாதம் கேட்டதைவிட இந்த மாதம் தெளிவாகக் கேட்கின்றனவா என்பதுதான் கேள்வி. அப்படிக் கேட்டுவிட்டால், அன்று சாப்பாட்டில் உப்பில்லாவிட்டாலும் சொல்லமாட்டார்.

தொழிலில் அவருக்கு நல்ல பெயர். அதற்கு ஒரே காரணம் என்று மருத்துவர்கள் சொல்வது, அவர் எந்த வாயோடும் சண்டை போட்டதில்லை என்பது. பல் செட்டைப் போட்டுப் பார்த்துவிட்டு, குத்துகிறது, இடிக்கிறது, பேச்சு குழறுகிறது என்று ஆயிரம் சொல்வார்கள். சிலர் சொல்வது அபாண்டமாகவும் இருக்கும். அவர் மறுபேச்சில்லாமல் செட்டை வாங்கிக்கொள்வார். "வாய் மேல குத்தம் சொல்லக்கூடாதுங்க. பல்லைத்தான் ராவணும்." இதை வேதம் மாதிரிச் சொல்வார்.

ஊருக்கெல்லாம் இப்படி இருந்த மனிதர் சொந்த மச்சினனிடம்தான் வாயை விட்டார்.

மனைவியின் தம்பி வேன் ஓட்டுகிறவன். கடைகளுக்குச் சரக்கு கொண்டு போவான். பாடுவான். சிநேகிதர்களைச் சேர்த்துக்கொண்டு, சொந்தமாகக் கட்டிய பாட்டு ஒன்றைப் பதிவுசெய்து சிடியாக்கினான். முதல் சிடியை எடுத்துக்கொண்டு நேரே இங்கேதான் வந்தான். பாட்டைப் பற்றி இவ்வளவு அக்கறைப்படுகிற மனிதர் அவனுக்குத் தெரிந்து வேறு யாரும் இல்லை. சட்டைக்குள் வைத்திருந்த சிடியை எடுத்துக் கொடுத்துவிட்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்தான். பல்லுக்காரர் பெட்டியைக் கவிழ்த்தார். டிரம்ஸும் கிதாரும் எடுத்த எடுப்பிலேயே உரக்கத் தொடங்கின. சிம்பல் தட்டில் அடி ஓங்கி விழுந்தது. குரல் வருவதற்குள் பொத்தான் அமுங்கிவிட்டது.

"பதிவுல கரகரப்பு இருக்கே மாப்ள" என்றார் பல்லுக்காரர். அதையும் அன்பாகத்தான் சொன்னார். அதுதான் வேடிக்கை.

அவன் அக்கா கொண்டுவந்த டீயை நின்றபடியே குடித்துவிட்டுப் போய்விட்டான். பெட்டிக்குள் கிடந்த சிடியை அக்காதான் எடுத்து வைத்துக்கொண்டார். அதற்குப்பின் அவன் வீட்டுக்குள் காலெடுத்து வைக்கவில்லை. அக்காவுக்கு ஏதாவது தரவேண்டியிருந்தால் வேனைத் தெருமுனையில் நிறுத்திவிட்டு, வாசல் கேட்டோடு கொடுத்துவிட்டுப் போவான். அத்தான் வீட்டில் இருக்கிறாரா என்று கேட்டுக்கொண்டு, இல்லாத நேரமாகத்தான் அதையும் செய்வான். அந்த அம்மாள் இதற்காகச் சண்டை போடவில்லை. சண்டை போட்டிருந்தால் தேவலை என்று பல்லுக்காரருக்கே தோன்றும். தம்பி கேட்டுக்கு வெளியே நின்று பேசுவதும், அக்கா கேட்டுக்கு உள்ளே நின்று பேசுவதுமாக ஒரு வருஷத்துக்கு மேல் ஓடிற்று. பல்லுக்காரரோ தாம் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்றிருந்தார். கரகரப்பு இருந்ததா இல்லையா? இருந்தது. பின்னே?

ஒரு விடுமுறை நாளில் அந்த அம்மாள் சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டே தம்பியின் சிடியைப் போட்டிருந்தார். பழைய ரேடியோ, சிடி போடுகிற வசதியோடு வந்தது, ஒரு பக்க ஸ்பீக்கர் பிய்ந்தது. தண்ணீர் குடிக்க வந்த பல்லுக்காரர் டம்ளரோடு நின்றார்.

"அந்த இடம் வந்துச்சா?"

"எந்த இடம்?"

"ஆரம்பத்துல, தட்டு ஓங்கி விழுமே."

"அது எப்பவோ போச்சு. இப்ப ரெண்டாவது சரணமே முடியப் போகுது."

"கரகரன்னு கேக்கல?"

"இல்லையே."

பல்லுக்காரர் குனிந்து ரேடியோவைப் பார்த்தார். "இந்த ஓட்டை ரேடியோவுக்கு அதெல்லாம் காட்டத் தெரியாது" என்றார்.

அந்த அம்மாள் கத்தியைக் கீழே வைத்தார். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். ஊர்ல யார் வந்து குத்துதுன்னு சொன்னாலும் வாய் மேல குத்தம் சொல்ல மாட்டீங்க, பல்லை வாங்கி ராவுவீங்க. என் தம்பி பாட்டு உங்க பெட்டியில குத்துச்சுன்னா மட்டும் பாட்டு மேல குத்தமா?"

கண்ணைத் துடைத்துக்கொண்டார். வெங்காயம்தான் என்று பல்லுக்காரரால் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

டம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டு பின்னறைக்குப் போனார். பெட்டியைத் திறந்தார். வேலை நாளில் ஒரு செட்டை எப்படித் தடவிப் பார்ப்பாரோ அப்படி, எங்கே குத்துகிறது என்று ஒவ்வொரு இடமாகத் தேடினார். மாலைக்குள் அகப்பட்டது. பெண்ணின் மூச்சு இன்னும் கொஞ்சம் தெம்பாகக் கேட்கட்டும் என்று அவரே, மின்சாரத்தை மட்டுப்படுத்துகிற ஒரு ரெசிஸ்டரை எடுத்துவிட்டு வேறொன்றை வைத்திருந்தார். அரிசி மணியளவு சாமான். மெல்லிய பாட்டுக்கு அது சரி. உரக்க அடித்தால் அந்தத் தெம்பே தாங்காமல் ஒலி பிசிறியது. உரத்த பாட்டு எதையும் அவர் போட்டதே இல்லை. போட்டுப் பார்க்கிற ஒரே பாட்டையும் அதன் தலையைத் தாண்டிக் கேட்டதில்லை. எப்படித் தெரியும்?

கரகரப்பு இருந்தது உண்மை. அது அவர் போட்ட கரகரப்பு.

பல்லுக்காரருக்கு வெட்கமாக இருந்தது. வெட்கம் போனபின் பயம் வந்தது. அந்தப் பையன் சட்டைக்குள்ளிருந்து சிடியை எடுத்த விதம் நினைவுக்கு வந்தது. அவன் இனி இந்த வீட்டுக்குள் வரவே மாட்டானோ? பழைய ரெசிஸ்டரை ஒரு மருந்து டப்பாவில் போட்டு வைத்திருந்தார். அதையே திரும்பப் பற்றவைத்து, மச்சினனின் சிடியைப் போட்டு, அந்த இடம் வரைக்கும் கேட்டார். சுத்தமாக இருந்தது. நிறுத்தினார்.

"அதுக்கு மேலயும் பாட்டு இருக்கு" என்றார் மனைவி, கதவோரம் நின்று.

"அவன் வரட்டும்."

மன்னிப்புக் கேட்பது என்றால் என்ன, எப்படி என்பதெல்லாம் பல்லுக்காரருக்குப் பழக்கமில்லாத விஷயம். போனைப் போட்டார். "மாப்ள, தப்பு உன் பாட்டுல இல்ல. ஒரு ரெசிஸ்டர்" என்று ஆரம்பித்தார். அது எங்கே இருந்தது, எதற்காக மாற்றினார், மாற்றினால் என்ன ஆகும் என்று சொல்லிக்கொண்டே போனார். அந்தப் பக்கம் வேன் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

கடைசியில் அவன், "சரி அத்தான், அதுக்கு நான் என்ன பண்ணணும்?" என்றான்.

"வந்து கேளு."

"என் பாட்டை நான் கேட்டிருக்கேனே" என்று போனை வைத்துவிட்டான்.

அந்த அம்மாள் தலையில் அடித்துக்கொண்டார். "பாவம், வேன்ல ஏதோ கோளாறுன்னு நெனச்சிருப்பான்! தெரியாம சொல்லிட்டேன்டா, மனசுல வெச்சுக்காதன்னு ஒரு வார்த்தை. அதுக்கு நாக்கு வரலையா?"

"அதைத்தானே இவ்வளவு நேரம் சொன்னேன்" என்றார் பல்லுக்காரர். நிஜமாகவே அப்படித்தான் நினைத்திருந்தார்.

மனைவி அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு தம் போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார். அங்கே தம்பியிடம் என்ன பேசினார் என்று பல்லுக்காரர் கேட்கவும் இல்லை, அவர் சொல்லவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை வேன் தெருமுனையில் நிற்கவில்லை, வாசலுக்கே வந்தது. மச்சினன் உள்ளே வந்தான். உட்காரவில்லை. வேன் சாவியைக் கையில் பிடித்தபடி, வந்த வழியே போய்விடக்கூடிய தூரத்தில் நின்றான். பிளாஸ்டர் தாடைகளைப் பார்த்தானே தவிர அத்தானைப் பார்க்கவில்லை.

"உக்காரு மாப்ள."

"பரவால்ல."

பல்லுக்காரர் வற்புறுத்தவில்லை. சிடியை வைத்தார், கவிழ்த்தார், பொத்தானை அமுக்கினார். அமுக்கியவர் கைப்பிடியை மடியில் வைத்துக்கொள்ளவில்லை. எழுந்து அதை மனைவியின் கையில் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். மனைவிக்கு அதை எப்படிப் பிடிப்பது என்றே தெரியவில்லை. சூடான பாத்திரம் மாதிரி முந்தானையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

டிரம்ஸ் தொடங்கிற்று. கிதார் சேர்ந்துகொண்டது. சிம்பல் ஓங்கி விழுந்து, விழுந்த இடத்திலேயே மினுமினுத்து அடங்கிற்று. ஒரு வருஷமாக மச்சினன் நெஞ்சில் அறைந்துகொண்டிருந்த இடம் அது. அவனால் சும்மா நிற்க முடியவில்லை. ஓரடி முன்னால் வந்தான்.

"அத்தான், இங்கதானே அன்னைக்கு நீங்க..."

பெட்டிக்குள்ளிருந்து அவன் குரல் பாடத் தொடங்கியிருந்தது. பல்லுக்காரர் கண்ணைத் திறக்காமலே, உதட்டின் மேல் விரலை வைத்தார்.