கால் நனையாமல் தனுஷ்கோடி

நேற்றுக் காலையிலிருந்து எங்கள் வீட்டுக் கொடியில் மாப்பிள்ளையின் துண்டு தொங்குகிறது. சனி ஞாயிறு லீவுக்குச் சிநேகிதர்களோடு ராமேஸ்வரம் போய், ஆசை தீரக் கடலில் குளித்துவிட்டு, உப்புப் பூத்த துண்டை அலசாமல்கூடக் கொண்டுவந்து போட்டிருக்கிறார். வெயில் ஏற ஏற வீடெல்லாம் கடல் வாடை. உள்ளே என் மகள், ஐந்து மாதக் கர்ப்பிணி, அவர் வாங்கி வந்த சோழிகளைத் தட்டில் கொட்டி அழகு பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

"நல்லா முங்கிக் குளிச்சீங்களா மாப்பிள்ளை?" என்று கேட்டேன்.

"ரெண்டு நாளும் தண்ணிலதான் கெடந்தோம் மாமா" என்றார்.

அவ்வளவுதான். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அடுப்படியிலிருந்து என் மனைவி மட்டும் என்னைப் பார்த்துச் சிரித்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மனைவி உண்டாகியிருந்தால் புருஷன் கடலில் குளிக்கக் கூடாது என்று எங்கள் பக்கம் ஒரு கட்டு உண்டு. முடி வெட்டக் கூடாது, மரம் வெட்டக் கூடாது, பிணம் தூக்கக் கூடாது, கடலில் இறங்கக் கூடாது. முடி, மரம் விஷயத்தில் யாராவது எப்போதாவது தப்பு செய்திருக்கலாம். கடல் விஷயத்தில் மதுரைக்காரர்கள் தப்பு செய்ய வழியே இல்லை. வைகையில் தண்ணீர் வந்தாலே பாலத்தில் நின்று வேடிக்கை பார்க்கிற ஊர். அந்தக் கட்டு வந்து என் கழுத்தில் மாட்டியது என் தலையெழுத்து.

யுத்தம் முடிந்தும் அரிசி இன்னும் ரேஷனில் இருந்த காலம் அது. எனக்குக் கல்யாணமாகிச் சில வருஷங்கள். இரண்டு முறை உண்டாகி இரண்டு முறையும் தங்கவில்லை. இதில் எங்களைவிட அதிகமாகக் கவலைப்பட்டது என் பெரியம்மா. அம்மா அப்பா இல்லாத என்னைப் பெரியப்பாவும் அவளும்தான் வளர்த்து, எஸ்.எஸ்.எல்.சி. முடிக்க வைத்து, மில் ஆபீஸில் சேர்த்துவிட்டார்கள். பெரியப்பா எதிரில் நான் உட்கார்ந்துகூடப் பேசியதில்லை. பெரியம்மா வேறு மாதிரி. அவள் வாயில் எதுவும் நிற்காது. எங்கள் வீட்டில் குழம்பு தீய்ந்தால் அடுத்த தெருவில் துக்கம் விசாரிப்பார்கள்.

அழகர்மலைத் தீர்த்தத்தில் எங்களை நனைத்துப் பார்த்தாயிற்று. ஒன்றும் ஆகவில்லை. தனுஷ்கோடிக் கடலில் புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து முழுகினால் பிள்ளை நிற்கும் என்று பெரியம்மாவுக்கு யாரோ சொல்ல, சனிக்கிழமை புறப்பட்டு ஞாயிறு முழுகித் திரும்புவதாக ஏற்பாடு. பெரியப்பா, பெரியம்மா, அவர்கள் மகளைக் கட்டிய மச்சான், நாங்கள் இருவர்.

புறப்படுகிற வாரம் என் மனைவி கிணற்றடியில் என்னிடம் மெதுவாகச் சொன்னாள். நாள் தள்ளிப் போயிருக்கிறதாம்.

எனக்குச் சந்தோஷத்தில் வாய் திறந்துவிட்டது. அவள் என் வாயைப் பொத்தாத குறை. "ஒருத்தர்கிட்டயும் மூச்சு விடாதீங்க. ரெண்டு தடவையும் ஊரெல்லாம் சொல்லித்தான் ஒண்ணுமில்லாமப் போச்சு. அஞ்சாம் மாசம் வரட்டும்." பிறகு, "நீங்களும் கடல்ல எறங்கக் கூடாது, நானும் எறங்கக் கூடாது" என்றாள்.

எப்படி இருக்கிறது பாருங்கள். பிள்ளை வேண்டும் என்று கடலில் முழுகக் கூட்டிப் போகிறார்கள். பிள்ளை வந்துவிட்டதால் முழுகக் கூடாது. வந்துவிட்டது என்று சொல்லவும் கூடாது. மில் ஆபீஸில் எத்தனையோ சிக்கல் பார்த்திருக்கிறேன், இப்படி ஒன்று பார்த்ததில்லை. வேலை இருக்கிறது என்றேன். ஞாயிற்றுக்கிழமை என்னடா வேலை என்றார் பெரியப்பா. உடம்பு சரியில்லை என்று அவள் சொன்னாள். "பிள்ளை வேணுமா வேண்டாமாடி ஒனக்கு?" என்று பெரியம்மா கேட்டதற்குப் பிறகு யார் என்ன பேச முடியும்?

பயணத்தைப் பற்றி நினைத்தால் இன்றைக்கும் தலை வலிக்கிறது. சத்திரத்தில் சோறு கிடைக்குமோ கிடைக்காதோ என்று பெரியம்மா அடுப்படியையே மூட்டை கட்டிக்கொண்டாள். புளியோதரைத் தூக்கு என் மடியில், நல்லெண்ணெய்ச் செம்பு காலடியில். மானாமதுரை தாண்டுவதற்குள் எங்களுக்குப் பிள்ளை இல்லாத கதை அந்தப் பெட்டி முழுவதும் தெரிந்துவிட்டது. பரமக்குடியில் ஏறிய ஒரு கிழவருக்கு மட்டும் தெரியாது. அவருக்குத் தனியாக முதலிலிருந்து சொன்னாள். அவர் எனக்கு முருங்கைப்பூவைப் பாலில் வேகவைத்துச் சாப்பிடச் சொன்னார். மச்சான் உடனே, "மாப்ள, அம்புட்டு மருந்தும் ஒனக்குத்தான், எழுதி வச்சுக்க" என்றார். நான் ஜன்னல் வழியாகக் கருவேலமரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மண்டபம் ஸ்டேஷனில் கருவாட்டு வாடை வந்தது. என் மனைவி ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி வாந்தி எடுத்தாள். குட்டு உடைந்தது என்று நான் பெரியம்மாவின் முகத்தைப் பார்த்தேன். பெரியம்மா எலுமிச்சம்பழத்தை அவள் கையில் திணித்து, ரயில் ஆட்டம் ஒத்துக்கொள்ளவில்லை என்று பெட்டிக்கே அறிவித்தாள். நல்லவேளை என்று நினைத்தேன். பாம்பன் பாலத்தில் ரயில் ஊர்ந்தபோது இரண்டு பக்கமும் கடல். கொட்டாம்பட்டிக் கண்மாயைத் தவிரப் பெரிய தண்ணீர் பார்க்காதவள் என் மனைவி. எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்தபடியே, "எம்புட்டுத் தண்ணி" என்றாள். அந்தப் பயணத்தில் எனக்குக் கிடைத்த ஒரே நல்ல நிமிஷம் அது.

தனுஷ்கோடி அப்போது கலகலப்பான ஊர். கொழும்புக்குப் போகிறவர்களின் தகரப் பெட்டிகள், கப்பலின் சங்கு, சங்கும் ஓலையில் முடைந்த கொட்டானும் விற்கிறவர்கள், பூரி கிழங்கு மணக்கும் ஓட்டல். ஒரு பக்கம் அலையடிக்காத பெண்கடல், மறுபக்கம் இரைகிற ஆண்கடல். ஆற அமரப் பார்க்க வேண்டிய ஊரில் நான் பார்த்ததெல்லாம் எந்தக் காரணம் சொல்லித் தப்பலாம் என்பதைத்தான்.

ஞாயிறு காலை கரையில் புரோகிதர் தயாராக இருந்தார். என் துண்டின் நுனியையும் அவள் முந்தானையையும் சேர்த்து முடிச்சுப் போட்டு, கைகோத்து இறங்குங்கள் என்றார். நான் நகரவில்லை. ஓர் அலை வந்தது. பின்வாங்கினேன். முடிச்சில் இழுபட்டு அவளும் பின்வாங்கினாள். அடுத்த அலைக்கும் அப்படியே. நண்டுகள் இரண்டு பின்னால் நடப்பது போல இருந்திருக்கும். "தண்ணியக் கண்டா மாப்ள பூனையா மாறிருறாரு" என்று மச்சான் சிரித்தார். பெரியப்பா சிரிக்கவில்லை.

"எறங்குடா."

"இல்ல பெரியப்பா."

என் வாழ்க்கையில் அவரிடம் நான் சொன்ன முதல் 'இல்லை' அது. ஏன் என்று கேட்டார். எத்தனை முறை கேட்டாலும் மணலையே பார்த்துக்கொண்டு நின்றேன். இவ்வளவு தூரம் கூட்டி வந்தவனை இப்படி அவமானப்படுத்துகிறாயே என்று கத்தினார். கரையில் குளித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். இன்னொரு முறை கேட்டிருந்தால் ஒன்று சொல்லியிருப்பேன், அல்லது இறங்கியிருப்பேன். இரண்டில் எது செய்தாலும் அவள் என்னை மன்னித்திருக்க மாட்டாள்.

அப்போது பெரியம்மா, ஏற்கெனவே முழுகியவள், தண்ணீர் சொட்டச் சொட்ட ஏறி வந்தாள். எங்களை இழுத்துப் போகத்தான் வந்தாள். என் மனைவியின் மணிக்கட்டைப் பிடித்தாள். அவளுடைய இன்னொரு கையில் அந்த எலுமிச்சம்பழம் இன்னும் இருந்தது. பெரியம்மா பழத்தைப் பார்த்தாள், அவள் முகத்தைப் பார்த்தாள், நனையாத என் கால்களைப் பார்த்தாள். பிடித்த கையை மெல்ல விட்டுவிட்டாள்.

"விடுங்க, இவனுக்கு நேத்துலேருந்தே காய்ச்சல்" என்றாள் பெரியப்பாவிடம். "கடலு எங்க போயிறப் போகுது? இன்னொரு தடவ வந்து குளிச்சுக்கிறட்டும்."

முடிச்சை அவளே அவிழ்த்தாள். "இவுக ரெண்டு பேருக்கும் சேத்து நான் முங்கிட்டு வாரேன்" என்று மறுபடி கடலுக்குள் போனாள். பெரிய உடம்புக்காரி. ஒவ்வொரு முறை மூழ்கி எழும்போதும் மூச்சு வாங்கினாள்.

பெரியப்பா மதுரை வரும்வரை என்னோடு பேசவில்லை. பேசாமல் இருந்தது அவர் மட்டும் என்றால் பரவாயில்லை, பெரியம்மாவும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ரயிலிலும் பேசவில்லை, தெருவிலும் பேசவில்லை. ஐந்தாம் மாதம் நாங்கள் சொன்னபோது, வீட்டிலேயே அதிகமாக ஆச்சரியப்பட்டவள் அவள்தான். கன்னத்தில் கை வைத்து, "அடி ஆத்தி, எங்கிட்டக்கூடச் சொல்லலியே" என்றாள்.

அந்தப் பிள்ளைதான் இப்போது உள்ளே சோழி எண்ணிக்கொண்டிருப்பவள்.

இன்னொரு தடவை போகவேயில்லை. மில் வேலை, ரேஷன், பிள்ளைகள் படிப்பு என்று நாள் போய்விட்டது. பெரியம்மா காலமானாள். அதற்கப்புறம் தனுஷ்கோடியையே வாரிக்கொண்டு போன அந்தப் புயல். மாப்பிள்ளை ஒரு மீன் லாரியில் தொற்றிக்கொண்டு தனுஷ்கோடியையும் போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். ஸ்டேஷன் இருந்த இடத்தில் சுவர் மட்டும் நிற்கிறதாம். தண்டவாளத்தைக் காணோமாம். ஓட்டல், கொட்டான் கடை, கொழும்புக் கப்பல், ஒன்றும் இல்லை. இந்தத் துண்டைப் பார்த்து ஒரு வார்த்தை கேட்கவும் இந்த வீட்டில் ஆள் இல்லை.

பெரியம்மா சொன்னது சரிதான், கடல் எங்கேயும் போய்விடவில்லை. அது காலில் படாமல் நான் அத்தனை பாடுபட்டு நின்ற மணல்தான் இப்போது தண்ணீருக்குள் கிடக்கிறது.